ஜெப்சனும் ஆறரை இஞ்சும்

எங்கள் ஊரில் தண்ணீர் கேன் போடுகிற ஜெப்சனை யாரும் ஜெப்சன் என்று கூப்பிடுவதில்லை. டங்கு என்றுதான் கூப்பிடுவார்கள். "எலே டங்கு, ரெண்டு கேன் வச்சிட்டுப் போடே" என்று வீட்டுக்குள்ளிருந்து சத்தம் வரும். அவன் இருபது லிட்டர் கேனைத் தோளில் ஏற்றி, வலது காலை இழுத்து இழுத்துப் படியேறி வைத்துவிட்டு, காலிக் கேனை எடுத்துக்கொண்டு இறங்குவான். வயது முப்பத்தெட்டு. பார்த்தால் ஐம்பது சொல்லலாம். அந்தப் பெயர் ஏன் வந்தது என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது.

பெயர் வைத்தபோது ஊர் பெருமையாகத்தான் வைத்தது. அதைக் கேலியாக மாற்றியதும் அதே ஊர்தான், அதற்கு ஒரு பகல் போதுமானதாக இருந்தது. அதில் எனக்கும் பங்கு உண்டு. என் பெயர் ஜெயசிங். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர், ஒரு காலத்தில் ஜெப்சனோடு ஒரே அணியில் ஆடியவன். இந்தக் கதையை முழுசாகச் சொல்ல என்னை விட்டால் ஆள் இல்லை. சொல்ல எனக்கு யோக்கியதை உண்டா என்பது வேறு விஷயம்.

கூடைப்பந்தில் எல்லாரும் பந்தை வளையத்தை நோக்கி எறிவார்கள். சிலர் மட்டும் ஓடிவந்து எம்பி, வளையத்துக்கு மேலேயே கையைக் கொண்டுபோய், பந்தை உள்ளே குத்தி இறக்குவார்கள். அதற்குத்தான் டங்க் என்று பெயர். டிவியில் பார்த்தால் ஒன்றுமில்லாத வேலை மாதிரி இருக்கும். வளையம் தரையிலிருந்து பத்தடி. பந்தை உள்ளே திணிக்க வேண்டுமென்றால் விரல்நுனி அதற்கும் மேலே அரையடி போக வேண்டும். ஐந்தடி ஒன்பது இஞ்ச் ஆள் கையைத் தூக்கி நின்றால் ஏழரை அடி எட்டும், மீதி மூன்றடியை எம்பித்தான் தீர்க்க வேண்டும். மூன்றடி என்பது சாப்பாட்டு மேசையை விட உயரம். காலை மடக்கித் தாவுவது கணக்கில் வராது, உடம்பு மொத்தமும் அவ்வளவு மேலே போக வேண்டும். ஐந்தடி ஒன்பது இஞ்ச்தான் ஜெப்சனின் உயரம்.

அந்தப் பத்தடியையும் யாரும் உட்கார்ந்து யோசித்து வைக்கவில்லை. நூற்று முப்பது வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார், பழக்கூடை இரண்டை உடற்பயிற்சிக் கூடத்தின் மாடிக் கைப்பிடியில் ஆணியடித்து மாட்டினார். அந்தக் கைப்பிடி பத்தடியில் இருந்தது, அவ்வளவுதான். அன்றிலிருந்து உலகம் முழுக்கப் பத்தடி. முதலில் டங்க் போட்டவர்களைத் திமிர் பிடித்தவர்கள் என்று ஏசினார்கள். அறுபதுகளின் கடைசியில் அந்த ஊர்க் கல்லூரி ஆட்டங்களில் டங்க் கூடவே கூடாது என்று தடை போட்டு, ஒன்பது வருஷம் கழித்துத்தான் எடுத்தார்கள். பிறகு வளையத்தில் தொங்கித் தொங்கிக் கண்ணாடிப் பலகைகளை உடைத்தார்கள், அதற்காக வளையத்துக்கு ஸ்பிரிங் வைத்தார்கள். எங்கள் ஊர் வளையத்துக்கு ஸ்பிரிங்கும் இல்லை, பலகைக்குக் கண்ணாடியும் இல்லை. எங்களுடையது கருங்கல் தூண்.

ஆமாம், கல் தூண். கல் வேலைக்குப் பேர்போன மயிலாடி பக்கத்தில் இருந்துகொண்டு இரும்புக்கு என்னத்துக்குச் செலவழிக்க வேண்டும் என்று 1999இல், சர்ச் வளாகத்தில் மைதானம் போட்ட எங்கள் சபைக் கமிட்டி முடிவு செய்தது. அப்போது சபைச் செயலாளர் ஜெப்சனின் அப்பா சத்தியநேசன். தூண் வெட்ட வந்தவர் கல்தச்சர் சுயம்புராஜ். சுயம்புராஜ் அடிக்கணக்கு பார்க்கிறவர் இல்லை. கோல் கணக்குத்தான், கோலுக்கு இருபத்துநாலு விரல், மெட்ரிக்கில் சொன்னால் எழுபத்திரண்டு சென்டிமீட்டர். வளையத்தைப் பிடிக்கிற இரும்புக்குத் துளை போட வேண்டிய நேரத்தில் அவர் ஒரு வில்லங்கத்தைக் கிளப்பினார்.

"அண்ணாச்சி, நீரு சொல்லிய பத்தடி நாலு கோலும் அஞ்சாறு விரலும் வருது. அது மரணக் கணக்காக்கும், கீழ நிக்கியவன் உயிருக்கு ஆவாது. அதுல நா உளி வைக்க மாட்டேம். நாலு கோலு நல்ல கணக்கு, அதுல வச்சிருவோமா?"

மூன்று தலைமுறையாக வேதத்தைத் தவிர வேறெதையும் நம்பாத குடும்பம் சத்தியநேசனுடையது. நாள் பார்க்கிறவனையும் ராகுகாலம் பார்க்கிறவனையும் ஞாயிற்றுக்கிழமை சபைக்கு முன்னால் நிறுத்திக் கேள்வி கேட்கிற மனுஷன். அவருக்கு ஒரே மகன், அந்த வளையத்தின் கீழே நாளெல்லாம் ஆடப்போகிற பன்னிரண்டு வயதுப் பயல். மரணம் என்ற சொல்லைக் கேட்டதும் வேதம் வாயில் வரவில்லை.

"யாருக்கும் சொல்லாண்டாம், கேட்டியா. நாலு கோல்லயே வச்சிரும்," என்றார்.

நாலு கோல் என்றால் ஒன்பது அடி ஐந்தரை இஞ்ச். ஆறரை இஞ்ச் குறைவு. வளையம் பத்தடியில் நிற்பதாகப் போதகருக்கும் பிஷப்பின் பேராயத்துக்கும் எழுத்து போயிற்று, மைதானம் ஜெபத்தோடு திறக்கப்பட்டது.

அந்த மைதானத்தில்தான் நாங்கள் வளர்ந்தோம். வீட்டு மைதானத்தில் யாரிடமும் தோற்க மாட்டோம், வெளியூர் போனால் யாரிடமும் ஜெயிக்க மாட்டோம். எறிகிற பந்தெல்லாம் வளையத்தின் முன்விளிம்பில் இடித்துத் திரும்பி வரும். வெளியூர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றோம், பஸ்ஸில் வந்த களைப்பு என்றோம். எங்கள் மைதானத்துக்கு ஆட வந்த அணிகளில் ஒருவன், "ஒங்க ரிங்கு தாழக் கெடக்குவே" என்றபோது, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சொல்லிச் சிரித்தோம். கூடம் உண்மையிலேயே கோணல்தான்.

2004 கிறிஸ்துமஸ் விளையாட்டுப் போட்டியில், பதினேழு வயதில், ஜெப்சன் முதல் முறையாக டங்க் போட்டான். கூட்டம் போட்ட சத்தத்தில் சர்ச் முகப்பிலிருந்த புறாக்கள் எல்லாம் பறந்தன. நாகர்கோவிலிலிருந்து வந்த போட்டோக்காரர் அடுத்த டங்க்கைப் படம் பிடித்தார். ஜெப்சன் ஒரு கையால் வளையத்தில் தொங்குகிறான், சட்டை மேலே ஏறி வயிறு தெரிகிறது, கீழே நாங்கள் எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறோம். மாவட்டத்திலேயே டங்க் போடுகிற ஒரே ஆள் என்று ஊர் சொன்னது. அதைச் சரிபார்க்க யாரும் மெனக்கெடவில்லை, வெளியூர் ஆட்டங்களில் எதிரணி அவனை வளையத்துப் பக்கம் எம்ப விட்டதும் இல்லை. அன்றைக்குத்தான் டங்கு என்று பெயர் வந்தது.

அந்தப் படத்தில் ஓரமாக ஒரு நெட்டையன் நிற்பான். அது நான். ஆறடி ஒரு இஞ்ச். என்னால் அந்த வளையத்திலும் டங்க் போட முடியவில்லை. "பனை மாதி வளந்து என்னத்துக்குடே? அந்தக் குட்டைப் பயலப் பாரு" என்று சொல்லாத ஆள் எங்கள் ஊரில் இல்லை. என் அம்மாவே சொன்னாள். ஜெப்சன் மட்டும் ஒரு நாளும் சொன்னதில்லை. அவன் சொல்லியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு எரிந்திருக்காது.

2006இல் நான் உடற்கல்விப் படிப்பில் சேர்ந்தேன். மைதானம் ஒன்றை அளந்து ரெக்கார்டு நோட்டில் வரைந்துவர வேண்டும். டேப்பை எடுத்துக்கொண்டு எங்கள் மைதானத்துக்குப் போனேன். கோடெல்லாம் சரியாக இருந்தது. ஏணி போட்டு வளையத்தை அளந்தேன். திரும்ப அளந்தேன். மூன்றாவது முறையும் ஒன்பது அடி ஐந்தரை இஞ்ச்தான்.

ஏணியில் நின்றபடியே எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

சத்தியநேசன் மாமாவிடம் மட்டும் போய்ச் சொன்னேன். அவர் அதிர்ச்சியடையவில்லை. கதவைச் சாத்திவிட்டுத் தணிந்த குரலில் பேசினார்.

"எனக்குத் தெரியும் மக்கா. சபை எலெக்சன் வருது. செயலாளரு கோயில் காம்பவுண்டுக்குள்ள மரணக் கணக்கு பாத்தாருன்னு எதிராளிக்குக் கெடச்சா என்னைத் தூக்கிப்போட்டு மிதிச்சிருவானுவ. நீ வாயத் தொறக்காத."

"மாமா, அவென் அடுத்த வருசம் மெட்ராசுக்கு செலக்சனுக்குப் போறாம்லா?"

"ஆறு இஞ்ச் என்னடே ஆறு இஞ்ச்? எம்புனா எம்பிருவான். எம் மவனாக்கும்."

நான் வாயைத் திறக்கவில்லை. அவருக்குப் பயந்து என்று நீங்கள் நினைத்தால் என்னை நல்லவன் என்று நினைக்கிறீர்கள். ரெக்கார்டு நோட்டில் வளையத்தின் உயரம் 3.05 மீட்டர் என்று எழுதினேன். முழு மார்க் வந்தது.

செலக்சன் ஒரு அரசுத் துறையின் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கு. 2007 ஜூன் மாதம், சென்னை. அவன் ஐ.டி.ஐ. முடித்துவிட்டுச் சும்மா இருந்த காலம், இந்த வேலை கிடைத்தால் வாழ்க்கை கரையேறிவிடும். சபையில் விசேஷ ஜெபம் நடந்தது. ஒரு குலை மட்டிப்பழத்தோடும் கட்டுச்சோற்றோடும் பதின்மூன்று பேர் வேனில் போனோம், சத்தியநேசன் முன் சீட்டில். விண்ணப்பத்தில் தனித்திறமை என்ற இடத்தில் ஜெப்சன் டங்க் என்று எழுதியிருந்தான்.

தேர்வு அதிகாரி அதைப் படித்துவிட்டு அவனை மேலும் கீழும் பார்த்தார். "இந்த ஹைட்டுக்கு டங்க்கா? போட்டுக் காட்டு. போட்டுட்டா இன்னிக்கே உன் பேரை எழுதிடறேன்," என்றார்.

மற்ற ஆட்களெல்லாம் விளையாட்டை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்க வந்தார்கள். ஜெப்சன் ஓடிவந்து எம்பினான். பந்து வளையத்தின் விளிம்பில் இடித்து மைதானத்தின் பாதிக்குப் போய் விழுந்தது. இரண்டாவது தடவையும் அப்படியே. அவன் என் பக்கம் வந்தான். மூச்சு வாங்கியது.

"மக்கா, இந்த ரிங்கு ஒசரமா இருக்காடே?"

இதைவிட நல்ல தருணம் எனக்கு வாய்த்திருக்காது. சொல்லியிருந்தால், தன் ஊர் வளையம் குறைவு என்று தெரிந்துகொண்டு, எல்லாரையும்போல ஆடிக் காட்டி, ஆட்டத்தை வைத்தாவது வேலைக்கு முயன்றிருப்பான். அவன் நல்ல ஆட்டக்காரன்.

"எல்லா ரிங்கும் பத்தடிதாம்டே," என்றேன்.

மூன்றாவது முறை அவன் எல்லா பலத்தையும் சேர்த்து எம்பினான். பந்து விளிம்பில் இடித்து அவன் முகத்திலேயே திரும்பி அடித்தது. மல்லாக்க விழுந்தான். மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. கூட்டத்தில் ஒருவன் விசிலடித்தான். "தம்பி, முதல்ல கீழ விழாம ஓடப் பழகு" என்று இன்னொருவன் சொல்ல, அத்தனை பேரும் சிரித்தார்கள். அதிகாரி விண்ணப்பத்தில் ஒரு கோடு கிழித்தார். எங்கள் வேன் ஆட்கள் ஒருவர்கூட மைதானத்துக்குள் இறங்கி அவனைத் தூக்கவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

சத்தியநேசன் மட்டும் திரும்பி வரும்போது பேசினார். "எங் குடும்பத்துல இப்பிடியொரு பயந்தாங்கொள்ளி பெறந்ததில்ல," என்றார், வேன் முழுக்கக் கேட்க.

ஊர் திரும்பிய மறுநாள் விடியற்காலை ஜெப்சன் மைதானத்துக்குப் போய் வரிசையாகப் பத்து டங்க் போட்டான். நான் போனபோது வளையத்தில் இடித்த மணிக்கட்டில் தோல் கிழிந்திருந்தது.

"பாத்தியா? இங்க விழுது. அங்க விழல. அப்பம் கையிலயும் காலுலயும் கொறவு இல்ல. மனசுலதாம் கொறவு. அப்பா சொன்னது சரிதாம்டே."

அவன் அப்படி முடிவு செய்ததில் ஒரு தப்பும் இல்லை. கையிலிருந்த சாட்சியத்தை வைத்துப் பார்த்தால் யாரும் அந்த முடிவுக்குத்தான் வருவார்கள்.

அதன் பிறகு அவன் தைரியத்துக்காக உழைத்தான். சொன்னால் சிரிப்பீர்கள். கால்வாய்ப் பாலத்திலிருந்து தலைகீழாகத் தண்ணீருக்குள் குதிப்பான். பாம்பு நடமாடுகிற வயல் வரப்பில் வெறுங்காலோடு நடப்பான். சத்தியநேசன் அவனை உபவாச ஜெபத்துக்குக் கூட்டிப்போய், பயத்தின் ஆவியைத் துரத்தச் சொல்லி நாலு பேரை அவன் தலையில் கை வைத்து அழுத்த வைத்தார். வளையம் எவ்வளவு உயரம் என்று தெரிந்த மனுஷன், மகனிடமிருந்து பிசாசை ஓட்டினார். அந்த வருஷச் சபைத் தேர்தலில் அவரே மறுபடியும் ஜெயித்தார்.

நாலு வருஷத்தில் இன்னும் மூன்று செலக்சனுக்குப் போனான். மூன்றிலும் டங்க் போடத்தான் நின்றான். ஆட்டத்தைக் காட்டுடே என்று சொன்னவர்கள் உண்டு, அவன் கேட்கவில்லை. பயத்தை ஜெயிக்காமல் வேலை கிடைத்து என்ன பிரயோஜனம் என்பான். 2011இல், மூன்றாவதில், இறங்கும்போது வலது முழங்கால் மடங்கியது. உள்ளே ஏதோ அறுந்த சத்தம் பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்டதாம். ஆபரேஷன் ஆயிற்று. கால் நேராகவில்லை. டங்கு என்ற பெயர் அதற்குள் நன்றாக ஊறிவிட்டிருந்தது, யாராவது பெரிய வாய் பேசினால் "டங்கு போடாதடே" என்பார்கள். சத்தியநேசன் செயலாளராகவே இருந்து செத்தார். அடக்க ஆராதனைக்குப் பெரிய கூட்டம்.

ஜெப்சன் கல்யாணம் செய்து, கேன் வண்டி வாங்கி, ஒரு மகளைப் பெற்றான். பெபிஷா. இப்போது எட்டாம் வகுப்பு, என் பள்ளிக்கூடத்து அணியில் ஆடுகிறாள். அவர்கள் வீட்டுக் கூடத்தில் அந்த 2004 படம் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. "எங்க அப்பா டங்க் போட்ட ஆளு" என்று அவள் மற்ற பிள்ளைகளிடம் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். வெளியே தோற்றாலும் வீட்டில் அவனுக்கென்று மிச்சமிருந்தது அது ஒன்றுதான். பயந்தாங்கொள்ளியாக இருந்தாலும் ஒரு காலத்தில் டங்க் போட்டவன்.

போன மாதம் அதுவும் போயிற்று. வளைகுடாவில் வேலை பார்க்கிற சபையார் சேர்ந்து, ஸ்பிரிங் வளையத்தோடு புது இரும்புத் தூண்கள் வாங்கிக் கொடுத்தார்கள். பழைய கல் தூண்களைப் பிடுங்க ஆள் வந்த அன்று, தன் கல்லைப் பார்க்கவென்று சுயம்புராஜும் வந்திருந்தார். எண்பது வயதிருக்கும். புது வளையத்தைப் பொருத்துகிறவன் இரண்டையும் பார்த்துவிட்டு, "பழசு ரொம்பத் தாழ இருக்கே" என்றான். கிழவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"தாழ்ச்சி ஒண்ணும் இல்ல. நாலு கோலு, மயிரிழை மாறாது. பத்தடி மரணக் கணக்குன்னு நாந்தாம் சொன்னேம். செயலாளரும் சரின்னு சொன்னாரு. அவருக்குத் தெரியும்லா!"

ஜெப்சன் தோளில் கேனோடு நின்றுகொண்டிருந்தான், வேலையாட்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்தவன். கேனை இறக்கி வைத்தான். பொருத்துகிறவனிடம் டேப்பை வாங்கி, ஒரு நுனியைத் தரையில், வேடிக்கை பார்க்க வந்திருந்த பெபிஷாவைப் பிடிக்கச் சொல்லி, மறுநுனியைப் பழைய வளையம்வரை மேலே ஏற்றினான். இஞ்சை வாய்விட்டுப் படித்தது பெபிஷாதான். அவளுக்குச் சரியான உயரம் தெரியும், நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

"அப்பம் நீங்க போட்டது டங்க் இல்லியாப்பா?" என்றாள்.

அவன் டேப்பைச் சுருட்டித் திருப்பிக் கொடுத்தான். அன்று மத்தியானம் பாக்கியிருந்த வீடுகளுக்கெல்லாம் கேன் போட்டுவிட்டு, கடைசியாக என் வீட்டுக்கு வந்தான். கேனை வைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்தான்.

"அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சே என்னை அந்த உபவாச ஜெபத்துல கொண்டுபோய் உக்கார வச்சிருக்காரு." கொஞ்ச நேரம் காலைத் தடவிக்கொண்டிருந்தான். "ஒனக்குத் தெரியுமாடே?"

"தெரியாது," என்றேன்.

"ஒண்ணு கேக்கட்டா? நீ படிச்ச ஆளு. சின்னதுலேயே பத்தடியில பழகியிருந்தா, நா போட்டிருப்பேனாடே?"

இந்தக் கணக்கை நான் பதினெட்டு வருஷமாகப் போட்டு வைத்திருக்கிறேன். சென்னையில் அவன் விரல்நுனி வளையத்துக்கு ஒரு இஞ்ச் மேலே போயிற்று, என் கண்ணால் பார்த்தேன். டங்க்குக்குப் போதாமல் போனது ஐந்து இஞ்ச். யாரும் எதுவும் சொல்லித்தராமல் முப்பத்தோரு இஞ்ச் எம்பிய பயலுக்கு, எடை தூக்க வைத்து, ஓடிவருகிற அடியைத் திருத்திக் கொடுத்திருந்தால், இரண்டு வருஷத்தில் அந்த ஐந்து இஞ்ச் வந்திருக்கும். அவனில் பாதித் திறமைகூட இல்லாத பையன்களுக்கு நான் அதைச் செய்திருக்கிறேன். போட்டிருப்பான். முழங்காலும் போயிருக்காது.

"முடியாதுடே," என்றேன். "ஒன் ஒசரத்துக்கு எப்பிடிப் பழகியிருந்தாலும் நடக்காது."

அவன் என்னையே பார்த்தான். அவன் முகம் தளர்ந்தது. அழப்போகிறான் என்று நினைத்தேன். அழவில்லை, பெருமூச்சு விட்டான்.

"அப்பம் சரி. நா ஒண்ணும் எழக்கல," என்றான். "நீ ஒருத்தந்தாம் மக்கா எங்கிட்ட நேரா சொல்லுவ."

சுவரைப் பிடித்து எழுந்து, காலிக் கேனை எடுத்துக்கொண்டான். வண்டிவரை போனவன் திரும்பி வந்தான்.

"புது ரிங்கையும் நீ ஒருக்கா டேப்பு வச்சு அளந்துரு, என்னா? பிள்ளை ஆடப்போற ரிங்கு. ஒன்னை விட்டா நா வேற யாரை நம்ப?"

அளக்கிறேன் என்றேன்.